வண்டி என்னுடையது, ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் கம்பெனியுடையதா?

கேள்வி:

வணக்கம் ஐயா. தாராபுரத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். 2022-இல் வாங்கிய டீசல் கார். ஐந்து வருட வாரன்டி இன்னும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் என்ஜின் லைட் எரிந்தது, நிற்கும்போது வண்டி உதறியது. சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை பொறுக்க முடியாமல், எங்கள் வண்டிகளைப் பதினைந்து வருடமாகப் பார்க்கும் உள்ளூர் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் ஸ்கேன் போட்டு, ‘பி 0269’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, மூன்றாவது இன்ஜெக்டரை மாற்றினார். ஆனால் புது இன்ஜெக்டரின் நம்பரை வண்டி ஏற்கவில்லை. “உள்ளே பூட்டு போட்டிருக்காங்க டீச்சர், கம்பெனி லேப்டாப்புக்குத்தான் திறக்கும்” என்றார்.

திருப்பூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வெளியே கை வைத்ததால் வாரன்டி முழுதும் போய்விட்டது என்றார்கள். நம்பர் ஏற்ற வேண்டுமென்றால் இன்ஜெக்டரையும் தங்களிடமே வாங்க வேண்டுமாம். அவர்களும் ஸ்கேன் போட்டார்கள். அந்த ரிப்போர்ட்டையாவது கொடுங்கள் என்றதற்கு, “அது கம்பெனி டேட்டா மேடம், வெளியே தர முடியாது” என்றார்கள். என் வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லையா? இப்போது டிபிஎஃப் லைட்டும் சேர்ந்து எரிகிறது.

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் அவசரம் இருக்கிறது. உரிமையைப் பிறகு பேசுவோம். டிபிஎஃப் என்பது புகை போகும் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்து வரும்போது என்ஜின் கூடுதலாக டீசல் விட்டு, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கோளாறு பதிவாகியிருக்கும் வண்டியில், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பல நேரம் அந்த எரிப்பைத் தொடங்கவே விடாது. தொடங்கினாலும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். ஆகவே நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ, டீசல் வாடை அடித்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். யாராவது “டிபிஎஃப்பைக் கழட்டிட்டு ஈசிஎம்ல மறைச்சிடலாம்” என்று சொன்னால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். புகை விதிப்படி அது தவறு. கம்பெனிக்காரன் வாரன்டியை நியாயமாகவே மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

இனி அந்த நம்பர். ஒரே நாளில், ஒரே மெஷினில் செய்த நாலு இன்ஜெக்டர்கூட நாலு விதமாகத்தான் டீசல் பீய்ச்சும். வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் இன்றைய டீசல் என்ஜினுக்கு மயிரிழையும் கணக்கு. தயாரிக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த அழுத்தத்தில் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்பதை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக்கி அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். அதை ஈசிஎம்மில் ஏற்றினால், அந்த இன்ஜெக்டர் திறந்து மூடும் நேரத்தை ஈசிஎம் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். ஏற்றாவிட்டால், கழற்றிப் போட்ட பழைய இன்ஜெக்டரின் கணக்கை வைத்துப் புதியதை ஓட்டும். உதறல் நிற்காது, கரி கூடும். உங்கள் டிபிஎஃப் லைட்டுக்கு அனேகமாக இதுவே காரணம்.

ஆக உங்கள் மெக்கானிக் கதை விடவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: போட்டது புத்தம் புதியதா, ரீகண்டிஷன் செய்ததா? ரீகண்டிஷன் இன்ஜெக்டர் என்றால் தலையில் பொறித்திருக்கும் பழைய குறியீட்டுக்கு மதிப்பில்லை. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் புதுக் குறியீடு எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுக்காமல் போட்டிருந்தால், நாளைக்கே கம்பெனி லேப்டாப் அந்தப் பூட்டைத் திறந்தாலும் வண்டி சரியாகாது.

சர்வீஸ் சென்டர் உங்களிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறது. ‘கம்பெனி டேட்டா’ என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எனக்கே சிரிப்பு மூட்டியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட், கோளாறைப் படிப்பதற்காகவே வைத்தது. 2020 ஏப்ரல் முதல் இங்கே பிஎஸ்-6 என்ற புகை விதிக்கு உட்பட்ட புது வண்டி மட்டும்தான் விற்கலாம். அந்த விதியிலேயே வண்டி தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அடங்கும். பி-க்கு அடுத்துப் பூஜ்யம் வருகிற கோளாறு எண்கள் (எங்கள் பாஷையில் ‘கோடு’) எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானவை. உலகத்தில் எந்த வண்டியிலும் பி 0269 என்றால் மூன்றாவது சிலிண்டர் தன் பங்கைச் சரியாகத் தரவில்லை என்றே பொருள். பி-க்கு அடுத்து ஒன்று வந்தால் அது அந்தந்தக் கம்பெனி சொந்தமாக வைத்துக்கொண்ட பாஷை. உங்களுக்கு வந்தது பொதுப் பாஷை. எந்தச் சாதாரண ஸ்கேனரும் படிக்கிற அதை, தாராபுரத்தில் மரத்தடியில் நிறுத்தி உங்கள் மெக்கானிக் படித்துச் சீட்டில் எழுதியும் கொடுத்துவிட்டார். அதைத்தான் திருப்பூரில் ஏசி அறைக்குள் ரகசியம் என்கிறார்கள்.

சர்வீஸ் சென்டர் எடுத்த ரிப்போர்ட்டில் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது, டிபிஎஃப்பில் எவ்வளவு கரி, கடைசியாக எப்போது எரிந்தது, எந்த மென்பொருள் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் வரும். உங்களுக்குத் தேவையானதும் அதுவே. ஸ்கேன் போட்டதற்கு உங்களிடம் காசு வாங்கியிருந்தால், அந்த முடிவைச் சொல்லாமல் இருப்பது ரத்தப் பரிசோதனைக்குக் காசு வாங்கிக்கொண்டு ரிசல்ட் தராமல் இருப்பது போலத்தான். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாட இடம் இருக்கிறது. காசு வாங்கவில்லை என்றால் அந்த வாதம் கொஞ்சம் இளைக்கும். அதனால் பில்லைத் தேடி எடுங்கள்.

வாரன்டி விஷயத்துக்கு வருவோம். இதற்கு இங்கே ஒரு வரலாறே உண்டு. தனி மனிதர் ஒருவர் 2011-இல் மூன்று கார் கம்பெனிகள் மேல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸையும் ஸ்கேன் கருவியையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்கின் கையைக் கட்டிவிடுகிறார்கள் என்பது புகார். விசாரணை மற்றக் கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று, இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பெயர்கள் அடங்கிய 14 கம்பெனிகள் மீது ஆணையம் உத்தரவு போட்டது. அபராதம் மட்டும் 2,544 கோடி ரூபாய்க்கு மேல். ஆணையம் பார்த்த விதம் எளிமையானது: கார் வாங்கும்வரை உங்களுக்குப் பத்துக் கம்பெனி உண்டு; வாங்கிவிட்டால் அந்தக் காரின் பாகத்துக்கும் ரிப்பேருக்கும் ஒரே கம்பெனிதான். அந்தச் சந்தையில் அவர்களே ராஜா.

அந்த உத்தரவில் உங்களுக்கு உதவுவது இரண்டு. பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்கும் எளிதாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது ஒன்று. வெளியில் ரிப்பேர் பார்த்ததாலேயே வாரன்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் பார்த்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது மற்றொன்று. அதாவது இன்ஜெக்டரைத் தொட்டதற்காக ஏசி கம்ப்ரஸருக்கும் ஸ்டியரிங் ராக்குக்கும் வாரன்டி இல்லை என்று சொல்வது அந்த உத்தரவின் வார்த்தைக்கே எதிரானது. இன்ஜெக்டருக்கும், அதனால் கெட்டுப்போன டிபிஎஃப்புக்கும் மறுத்தால் சண்டை கடினம். அதை இப்போதே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உத்தரவை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு போய் மேஜையைத் தட்ட வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வேறு மூன்று கம்பெனிகள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் தப்பு தப்புதான் என்று ஒத்துக்கொண்டு, அபராதத்தை ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தின் இரண்டு சதவிகிதமாகக் குறைத்தது. தவிர, போட்டி ஆணையம் சந்தையை ஒழுங்கு செய்கிற அமைப்பு. ‘இந்த வண்டிக்காரிக்கு இந்த ரிப்போர்ட்டைக் கொடு’ என்று தனித்தனியாகக் கட்டளையிடும் இடமல்ல. வண்டியின் தரவு உரிமையாளருக்கு என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இன்றைக்கு இல்லை. உங்கள் கையில் இருக்கும் கருவி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. ஒரு சேவையைப் பெற வேண்டுமென்றால் இன்னொரு பொருளையும் என்னிடமே வாங்கு என்று நிபந்தனை போடுவதை அந்தச் சட்டம் கட்டுப்பாடான வணிக நடைமுறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. “நம்பர் ஏற்ற வேண்டுமென்றால் இன்ஜெக்டரையும் எங்களிடம் வாங்குங்கள்” என்ற வாக்கியம் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். அவர்கள் சொன்ன மூன்றில் அவர்களுக்கே அதிகம் ஆபத்தானது இதுதான். எழுத்தில் வாங்கிவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. எழுதித் தர மாட்டார்கள். அதற்கும் வழி கீழே சொல்கிறேன்.

பூட்டே ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான காரணம் ஒன்று உண்டு. 2015-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியின் கட்டுப்பாட்டை இணையம் வழியாகக் கையில் எடுத்துக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி 2018 மாடல்களிலிருந்து சாக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு காவல்காரப் பெட்டியை வைத்தது. படிக்கலாம், எதையாவது எழுதவோ, அழிக்கவோ, ஏற்றவோ வேண்டுமென்றால் கம்பெனி சர்வரில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். இன்று பல கம்பெனிகளிடம் இதே ஏற்பாடு இருக்கிறது. உங்கள் மெக்கானிக் முட்டிக்கொண்டதும் அதில்தான்.

இதை எதிர்த்து ஜெர்மனியில் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கண்ணாடி மாற்றும் நிறுவனம், கார்கிளாஸ். முன் கண்ணாடியை மாற்றினால் அதற்குப் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளவு வைக்க வேண்டும், அதற்கு வண்டிக்குள் எழுத அனுமதி வேண்டும் என்பது அவர்கள் பிழைப்பு. 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், சட்டத்தில் சொல்லாத இந்த மாதிரி முன்நிபந்தனைகளைக் கம்பெனிகள் தாமாகப் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அங்கே எடுபடாததற்குக் காரணம், தனி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2018-லேயே அவர்கள் விதி எழுதி வைத்திருந்தார்கள். நம்மிடம் அந்த விதி இல்லை.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், பூட்டு எல்லாமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புதுச் சாவி புரோகிராம் செய்வது, சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இமொபிலைசரைத் தொடுவது, கிலோமீட்டரைத் திருத்த வழி இருக்கும் இடங்கள், ஏர்பேக் இவையெல்லாம் யார் செய்தார், எப்போது செய்தார் என்ற பதிவோடுதான் திறக்க வேண்டும். என் கடைக்கே “சாவி தொலஞ்சு போச்சுண்ணா, ஆர்சி புக் ஊர்ல இருக்கு” என்று வந்தவர்கள் உண்டு. ஆனால் இன்ஜெக்டர் குறியீட்டை ஏற்றி எவனும் கார் திருடப் போவதில்லை. திருட்டைத் தடுக்கும் பூட்டையும் போட்டியைத் தடுக்கும் பூட்டையும் ஒரே கொத்தில் கோத்து வைத்திருப்பதுதான் எனக்கு வரும் கோபம்.

மெக்கானிக்குகளான எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும். திருட்டு மென்பொருள் போட்ட ஸ்கேனர், பில் இல்லாத பாகம், கோளாறைத் தேடாமல் கோளாறு எண்ணை மட்டும் அழித்துக் கொடுக்கும் பழக்கம். கம்பெனி வக்கீல் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். உங்கள் மெக்கானிக் பில் போட்டுக் கொடுத்தாரா?

உங்கள் வண்டிக்கு மொபைல் செயலி உண்டென்றால் இன்னொரு தரவும் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாகக் கம்பெனி சர்வருக்குப் போகும் தரவு. இதுதான் அடுத்த சண்டை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே ரிப்பேர் உரிமைக்கு மக்கள் வாக்களித்தார்கள். அந்தச் சட்டத்தில் கம்பியில்லாமல் போகும் தரவு விட்டுப்போயிற்று. கம்பெனிகள் அந்தப் பக்கமாக நகர்ந்ததும் 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு, நூற்றுக்கு 75 பேர் ஆதரவு. உடனே வழக்கு. இரண்டு கம்பெனிகள் அந்த மாநிலத்தில் விற்கும் புது வண்டிகளில் அந்த வசதியையே அணைத்துவிட்டன. தருவதைவிட இல்லாமல் செய்வது மேல் என்று. நம் ஊரில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. நீங்கள் எங்கே போனீர்கள், எப்படி ஓட்டினீர்கள் என்ற தரவுக்கு அது உதவலாம். இன்ஜெக்டர் குறியீடும் கரி அளவும் வண்டியைப் பற்றியவை. அவற்றுக்கு அந்தச் சட்டத்தை நம்பி நான் இறங்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது. சண்டைக்குப் போகும் தோரணையில் போகாதீர்கள். சர்வீஸ் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகல் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு. உள்ளே இவ்வளவு போதும்: “என் வண்டி எண் இது. இந்தத் தேதியில் நீங்கள் செய்த ஸ்கேனின் முழு ரிப்போர்ட்டை, கோடுகள், அவை பதிவான நேர விவரம், டிபிஎஃப் கரி அளவு, மென்பொருள் பதிப்பு உட்படத் தர வேண்டுகிறேன். நான் வாங்கிப் பொருத்திய இன்ஜெக்டரின் குறியீட்டை ஏற்றித் தர வேண்டுகிறேன். உரிய கூலியைச் செலுத்துகிறேன். உங்கள் மையத்தில் இன்ஜெக்டர் வாங்கினால்தான் ஏற்ற முடியும் என்று இந்தத் தேதியில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அது கம்பெனியின் விதி என்றால் அந்த விதியின் நகலைத் தரவும். வாரன்டி மறுக்கப்படுவது எந்தெந்தப் பாகங்களுக்கு, என்ன காரணத்தால் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” அவர்கள் எழுதித் தராததை நீங்களே எழுதிவிடுவதுதான் வழி. மறுத்துப் பதில் வந்தால் அது உங்களுக்குச் சாட்சி, பதிலே வராவிட்டால் அதுவும் சாட்சி. என் அனுபவத்தில் பத்துக்கு ஆறு இடத்தில், வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு நகல் போனதுமே “மேடம், வண்டியைக் கொண்டு வாங்க” என்று போன் வந்துவிடும்.

பத்து நாளில் அசைவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ரிப்பேர் உரிமை இணையதளத்தில் கார் கம்பெனிகளும் உண்டு. உங்கள் கம்பெனி அங்கே வாரன்டி பற்றியும் பாகங்கள் பற்றியும் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் வாயாலேயே சொன்னது பிறகு உதவும். கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்குள் வண்டி ஓட வேண்டுமே. கோவையிலும் திருப்பூரிலும் டீசல் பம்ப் வேலை மட்டுமே பார்க்கும் பழைய கடைகள் உண்டு. இன்ஜெக்டர் தயாரிக்கும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர்கள் சிலரிடம் முறையாகச் சந்தா கட்டிய ஸ்கேனரும் டெஸ்ட் பெஞ்சும் இருக்கும். சில மாடல்களுக்கு அவர்களால் குறியீடு ஏற்ற முடியும். போகும் முன் போனில் மாடலையும் வருடத்தையும் சொல்லி, ‘குறியீடு எழுத முடியுமா, படிக்க மட்டுமா’ என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேலை முடிந்ததும் முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனை அச்செடுத்து, பில்லில் கையெழுத்தோடு வாங்குங்கள். முதலில் படம் எடுக்காமல் யாரையும் கோளாறு எண்ணை அழிக்க விடாதீர்கள்.

இன்னொன்று. கழற்றிய பழைய இன்ஜெக்டர் எங்கே? கோளாறு வெளியே கை வைப்பதற்கு முன்பே இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் வலுவான சாட்சி அதுதான். இன்று சாயங்காலமே மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, தலையில் இருக்கும் குறியீடு தெரியும்படி ஒரு படம் எடுத்து வீட்டில் வையுங்கள். எங்கள் கடைகளில் பழைய பாகங்கள் சனிக்கிழமை தோறும் இரும்புக்கடைக்குப் போய்விடும்.